பியமோந்தே குன்றுகளில் சாப்பாடும் ஒயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஐரோப்பா போகிறோம். பீட்சா, பாஸ்தா தாண்டி அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். எங்கே போகலாம்?" இப்படி யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். பத்து நாளில் ஏழு நாடு என்ற திட்டத்தில் மூன்று நாட்டை வெட்டுங்கள். மிச்சமாகும் நாட்களை இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்பா என்ற சிறு நகரத்தில் கழியுங்கள். அதன்பிறகு வரிசையாக வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரோம், வெனிஸ் எல்லாம் இருக்கும்போது ஏன் இந்த மூலை?

பியமோந்தே என்றால் மலையடி என்று பொருள். ஆங்கிலத்தில் பீட்மாண்ட் என்பார்கள். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த நிலம் இது. நாம் இத்தாலியச் சாப்பாடு என்று நினைத்திருக்கும் தக்காளியும் பீட்சாவும் தெற்கிலிருந்து வந்தவை. இங்கே வெண்ணெய், முட்டை, மாட்டிறைச்சி, ஹேசல்நட் கொட்டை, பாலாடைக்கட்டி, அரிசி. ஆம், அரிசிதான். வெர்செல்லி என்ற ஊரைச் சுற்றி நம் டெல்டா மாதிரியே நீர் கட்டிய வயல்கள். ரயிலில் போகும்போது மே மாதத்தில் ஜன்னல் வழியே பார்த்தால் ஒரு கணம் கும்பகோணம் பக்கம் போகிறோமோ என்று தோன்றும்.

ஆல்பாவுக்குத் தெற்கே லாங்கே குன்றுகள். 2014-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்த திராட்சைத் தோட்ட நிலம் இது. ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் ஒரு கோட்டை, ஒரு மாதாகோயில், நாலு தெரு. அந்த நாலு தெருவில் குறைந்தது இரண்டு நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கும். இது மிகையில்லை.

கடலே இல்லாத ஊரில் ஏன் எதை எடுத்தாலும் நெத்திலி வாசம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். பதிலும் கொஞ்சம் நீளும்.

இவர்களின் தலையாய பதார்த்தம் பாஞ்ஞா கௌதா. 'சூடான குழம்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு, உப்பில் ஊறிய நெத்திலி, ஆலிவ் எண்ணெய், இந்த மூன்றுதான். மிக மெல்லிய தீயில், பூண்டு சிவக்காமல், நெத்திலி கரைந்து காணாமல் போகும்வரை கிண்ட வேண்டும். ஆளுக்கு ஒரு முழுப்பூண்டு என்பது பழைய கணக்கு. ஒரு பல் அல்ல, முழுப்பூண்டு! காரம் அடங்க, பூண்டை முதலில் பாலில் வேகவைப்பவர்களும் உண்டு. மண்சட்டியில் ஊற்றி, அடியில் சிறு விளக்கு ஏற்றி, சூடு ஆறாமல் மேசை நடுவே வைப்பார்கள். சுற்றிலும் முட்டைக்கோஸ், குடைமிளகாய், பீட்ரூட், கார்தோ என்ற தண்டுக்காய். ஒவ்வொன்றாக முக்கிச் சாப்பிட வேண்டியது. கடைசியில் சட்டியின் அடியில் மிஞ்சும் வண்டலில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி வழித்துத் தின்றால்தான் விருந்து முடியும்.

மூன்று சரக்கில் இரண்டு இந்த மண்ணில் விளைவதில்லை என்பதைக் கவனியுங்கள். நெத்திலியும் எண்ணெயும் மலைக்கு அப்பால் லிகூரியக் கடற்கரையிலிருந்து வந்தவை. கடலோரத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு கோவேறு கழுதைகள் மலையேறி வந்த பாதைகளை உப்புப் பாதைகள் என்பார்கள். உப்போடு உப்பிட்ட மீனும் ஏறியது. மலைப்பகுதியான மாயிரா பள்ளத்தாக்கின் விவசாயிகள், பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாதபோது, தள்ளுவண்டியில் நெத்திலிப் பீப்பாய் ஏற்றிச் சமவெளி ஊர்களில் விற்கப் போவார்கள். உப்பு வரியை ஏய்க்க, பீப்பாயில் அடியில் உப்பு, மேலே இரண்டு அடுக்கு மீன் என்று வைத்துக் கடத்தியதில்தான் இந்தத் தொழிலே பிறந்தது என்று ஒரு கதை அங்கே உண்டு. கதை உண்மையோ இல்லையோ, உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கருவாட்டுக் கூடை சுமந்து வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. உயிரியல் கணக்கிலும் அந்த மீனும் நம் நெத்திலியும் ஒரே குடும்பம்.

கார்தோவை விட்டுவிட மனமில்லை. நீஸ்ஸா மொன்ஃபெர்ராதோ பக்கம் இந்தச் செடியை வளைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். வெளிச்சம் தேடி உள்ளேயே நெளிந்து, கூன் விழுந்து, வெளுத்து, கசப்பு குறைந்து வெளியே வரும். அதனால்தான் அதற்குக் 'கூனல் கார்தோ' என்று பெயர். பச்சையாகவே கடிக்கலாம்.

மறுநாள் காலை பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். அதற்கு நான் பொறுப்பல்ல.

பரோலோ ஒயின் பெரிய பெயர் என்றார்கள். வாங்கிக் குடித்தால் வாயெல்லாம் துவர்க்கிறது. ஏமாந்துவிட்டோமா?

ஏமாறவில்லை. சாப்பிடாமல் குடித்திருக்கிறீர்கள்.

பரோலோ, நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுவது. நெப்பியா என்றால் மூடுபனி. அறுவடை நடக்கும் அக்டோபரில் குன்றுகளின் இடுப்புவரை பனி நிற்பதால் வந்த பெயர் என்பார்கள். கோப்பையில் பார்த்தால் நிறம் வெளிறித்தான் இருக்கும், கொஞ்சம் வயதானால் செங்கல் நிறம். 'சாதுவான சரக்கு' என்று நினைத்து ஒரு வாய் குடித்ததும் ஈறும் நாக்கும் இறுகும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் செய்கிற வேலை அது. வாயில் ஊறும் எச்சிலின் புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வழவழப்பு போய் வறட்சி தெரிகிறது.

ஆங்கில ஒயின் புத்தகங்கள் இதை விளக்கப் பத்தி பத்தியாக எழுதும். நமக்கு ஒரு சொல் போதும்: துவர்ப்பு. அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். வெறும் கொட்டைப்பாக்கை மென்றவருக்கும், வாழைப்பூவை ஆயும்போது ஒரு மடல் கடித்துப் பார்த்தவருக்கும் பரோலோ அந்நியம் அல்ல.

இப்போது தேநீரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் விடாத கடுந்தேநீர் நாக்கைப் பிடிக்கும். பால் விட்டால் அடங்கிவிடும். பாலின் புரதம் டானினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் காரணம். பரோலோவுக்கும் அதே கணக்கு. அதே ஒயினில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சி, அல்லது காஸ்தெல்மாஞ்ஞோ போன்ற முற்றிய பாலாடைக்கட்டி ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடி ஒரு மிடறு குடியுங்கள். துவர்ப்பு விலகி, ரோஜா, தார், உலர்ந்த செர்ரி என்று ஆட்கள் சொல்வதெல்லாம் மெல்லத் தெரிய வரும். தார் என்றது தெருவில் போடுகிற தார்தான். அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

ஒயின் பழக்கமே இல்லை. எதில் தொடங்கலாம்?

மொஸ்காதோ தாஸ்தி. லேசான இனிப்பு, லேசான நுரை, ஆல்கஹால் 5 சதவீதம் அளவே. பரோலோவில் குறைந்தது 13. அடுத்து தொல்செத்தோ, பார்பேரா. இந்த இரண்டும்தான் இந்த ஊர்க்காரர்கள் தினமும் மேசையில் வைப்பவை. பார்பேராவில் புளிப்பு தூக்கல், துவர்ப்பு குறைவு. நம் நாக்குக்குச் சீக்கிரம் ஒத்துவரும். வெள்ளை வேண்டுமானால் ஆர்னெய்ஸ். பரோலோவை மூன்றாம் நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பரோலோ, பார்பரெஸ்கோ, லாங்கே நெப்பியோலோ... திராட்சை ஒன்றுதான் என்றால் விலை மட்டும் ஏன் இப்படி வேறுபடுகிறது?

இடமும் காத்திருப்பும். பரோலோ என்று லேபிளில் போட, ஆல்பாவுக்குத் தென்மேற்கே குறிப்பிட்ட 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். அறுவடைக்குப் பின் 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், அதில் 9 மரத்தில். லாங்கே நெப்பியோலோவுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. நல்ல தயாரிப்பாளர் கையில் அதுவே பாதி விலைக்கும் குறைவில் முக்கால் இன்பம் தரும். என் ஓட்டு அதற்குத்தான்.

பரோலோவுக்கும் பார்பரெஸ்கோவுக்கும் 1980-ல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று கிடைத்தது. ஆனால் இந்த மண்ணின் ஒயின் வரலாற்றைப் புரட்டிப் போட்டது வேறொரு வருடம். 1986 மார்ச்சில், மலிவு ஒயினில் போதை ஏற்ற மெத்தனால் கலந்து விற்றதில் இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று. கலப்படம் நடந்த இடங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. 2024 கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மெத்தனால் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தாலிய ஒயின் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டினால்தான் பிழைக்க முடியும் என்ற முடிவுக்கு இந்தக் குன்றுகளின் விவசாயிகள் வந்தார்கள். இன்று நாம் குடிப்பது அந்த அதிர்ச்சிக்குப் பிந்தைய ஒயின்.

அதே ஆண்டு, ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுகள் பக்கம் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது. ஆல்பாவுக்குப் பக்கத்து ஊரான ப்ராவைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி முன்னின்று நடத்திய, அவசர உணவுக்கு எதிரான ஸ்லோ ஃபுட் இயக்கம் வளர்ந்தது இந்தப் பின்னணியில்தான். ப்ராவில் இன்றும் அதன் தலைமையகம் இருக்கிறது. அருகே பொலென்ஸோவில் 2004-ல் உணவுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. ஒற்றைப்படை ஆண்டுகளில் செப்டம்பரில் ப்ராவின் தெருக்கள் முழுக்கப் பாலாடைக்கட்டித் திருவிழா. அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒயின் செய்யும் இடத்துக்கு நேரே போய்ச் சுவைக்க முடியுமா?

முடியும், ஆனால் முன்பதிவு செய்துகொண்டு. பலவும் குடும்பமாக நடத்துகிற சிறு இடங்கள். வீடும் கிடங்கும் ஒன்றுதான். முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டால் அப்பாவோ மகளோ உங்களைப் பீப்பாய் அறைக்குக் கூட்டிப் போவார்கள். சுவைப்பதற்குக் கட்டணம் உண்டு. புட்டி வாங்கினால் சில இடங்களில் கழித்துவிடுவார்கள். மேசையில் ஒரு குடுவை வைத்திருப்பார்கள், அதில் துப்பலாம். நமக்குக் கூச்சமாக இருக்கும். அவர்கள் அதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. ஆறு கோப்பையையும் விழுங்கிவிட்டு ஏழாவதைப் பற்றிக் கருத்து சொல்பவரைத்தான் சிரிப்போடு பார்ப்பார்கள்.

முன்பதிவு வாய்க்கவில்லையா? பரோலோ ஊரின் கோட்டைக்குள்ளும், பார்பரெஸ்கோவில் வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்துக்குள்ளும் அந்தந்த வட்டார ஒயினகங்கள் இருக்கின்றன. பல தயாரிப்பாளர்களின் ஒயினைக் கோப்பைக் கணக்கில் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்பரெஸ்கோவில் இன்னொன்றும் உண்டு: 1958-ல் ஊர்ப் பாதிரியார் சிறு விவசாயிகளை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய கூட்டுறவு. கூட்டுறவுச் சரக்கு என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். உலகில் மிகவும் மதிக்கப்படும் ஒயின் கூட்டுறவுகளில் அது ஒன்று.

வெள்ளை ட்ரஃபிள் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஒருமுறை, ஆம். மண்ணுக்கடியில் மர வேர்களோடு ஒட்டி வளரும் காளான் இது. பயிரிடுவது மிகக் கடினம் என்பதால்தான் இந்த விலை. நாயைப் பழக்கி இரவில் மோப்பம் பிடிக்க விடுவார்கள். ரோத்தி என்ற ஊரில் 1880-லிருந்து இதற்கென்றே 'நாய்ப் பல்கலைக்கழகம்' இருக்கிறது. ஒரு காலத்தில் பன்றிகளையும் பயன்படுத்தினார்கள்; அவை வேரைக் கிளறிப் பாழாக்கியதோடு, கண்டெடுத்ததைத் தின்றும் விட்டன. இப்போது இத்தாலியில் அதற்குத் தடை.

ஆல்பாவில் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம்வரை வாரக் கடைசிகளில் ட்ரஃபிள் சந்தை. கூடத்துக்குள் நுழைந்ததும் வாசம் முகத்தில் அறையும். பூண்டும் ஈரமண்ணும் கொஞ்சம் சமையல் எரிவாயுவும் கலந்தாற்போல. பலருக்கு முதல் நிமிடத்தில் பிடிக்காது. வாங்க வேண்டாம், அருகில் ஒரு கடையில் வெண்ணெய் போட்ட தயாரின் நூடுல்ஸ் அல்லது ஒரு பொரித்த முட்டை கேளுங்கள். மேலே பச்சையாகச் சீவிப் போடுவார்கள், கிராம் கணக்கில் காசு. சீவத் தொடங்கும் முன் எத்தனை கிராம், என்ன விலை என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட்டவர்கள் பில் வந்ததும் வெளிறிய கதை எனக்குத் தெரியும்.

கோடையில் 'ட்ரஃபிள்' என்று எழுதி விற்பது கறுப்பு வகை. வாசம் மிகக் குறைவு. ட்ரஃபிள் எண்ணெய்ப் புட்டிகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் செய்த ஒரு வாசனை வேதிப்பொருளைக் கலந்தவை. வாங்காதீர்கள்.

சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். நெத்திலியை அவர்கள் மிளகு, சீரகம்போல ஒரு சரக்காகத்தான் கருதுகிறார்கள். தயாரின் என்பது முட்டைக் கரு மட்டும் சேர்த்துப் பிசைந்த மெல்லிய நூடுல்ஸ். ஒரு கிலோ மாவுக்கு முப்பது, நாற்பது கருகூடப் போகும். சேஜ் இலையும் வெண்ணெயும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ரிசோத்தோ என்ற குழைந்த அரிசிச் சோறு கேட்டால், வேகவைத்த சாறு காய்கறியா இறைச்சியா என்று விசாரியுங்கள். பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ந்திருக்கும். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். முட்டையும் சேராது என்றால், வறுத்த குடைமிளகாய், பொலெந்தா என்ற மக்காச்சோளக்கூழ், காய்கறி, பழம் என்று வட்டம் சுருங்கும். அறையோடு சமையலறையும் உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சாப்பிடுவோம். தவறவே விடக்கூடாதது எது?

ஆஞ்ஞொலோத்தி தெல் ப்லீன். ப்லீன் என்றால் கிள்ளு. வாட்டிய இறைச்சியை அரைத்துப் பூரணமாக்கி, மாவில் பொதிந்து, இரண்டு விரலால் கிள்ளி மூடிய நகம் அளவுக் கொழுக்கட்டைகள். சில இடங்களில் எந்தச் சாறும் ஊற்றாமல், வெள்ளைத் துணி நாப்கினில் ஆவி பறக்கக் கொட்டித் தருவார்கள். கையால் எடுத்துத் தின்னலாம். நான் இதைத் தின்னத்தான் மறுபடி போனேன்.

வித்தெல்லோ தொன்னாதோ, குளிர்ந்த கன்று இறைச்சித் துண்டுகள்மேல் டூனா மீன் விழுது. கேட்க விநோதம், சாப்பிட்டால் அருமை. பச்சை மாட்டிறைச்சியைக் கத்தியால் கொத்தி எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்துத் தருவதும் உண்டு, துணிந்தவர்களுக்கு. ஃபினான்ஸியேரா என்பதில் சேவல் கொண்டை, ஈரல், மூளை எல்லாம் வரும். குடல்கறி, தலைக்கறி சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன பயம்?

மது தொட மாட்டோம். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஹேசல்நட். ந்யூத்தெல்லா (நம் கடைகளில் நுடெல்லா) பிறந்த ஊரே ஆல்பாதான், 1964-ல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கோகோ கிடைப்பது அரிதாக இருந்ததால், சுற்றிலும் விளையும் ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்து ஃபெர்ரேரோ குடும்பம் செய்த பசை அதன் மூதாதை. ஆலை இன்றும் ஊரில் இருக்கிறது. காற்று திரும்பினால் தெருவில் வாசம் வரும். தூரின் நகரத்தில் பிசெரின் குடியுங்கள்: சூடான சாக்லேட், காப்பி, மேலே பாலேடு, மூன்று அடுக்கு. கலக்கக் கூடாது. கலக்கினால் யாரும் திட்ட மாட்டார்கள், பார்ப்பார்கள்.

எத்தனை மணிக்குச் சாப்பிடப் போக வேண்டும்?

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள், இரவு ஏழரைக்கு மேல். இதை அலட்சியம் செய்து ஒரு ஞாயிறு மாலை மூன்றரை மணிக்கு ஒரு குன்றின் உச்சியில் போய் நின்றேன். நாலு தெருவிலும் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. பையில் இருந்த முறுக்கும் கடலைமிட்டாயும்தான் அன்று மதியச் சாப்பாடு. கண்முன்னே உலகின் சிறந்த திராட்சைத் தோட்டங்கள்.

செவ்வாய் அல்லது புதன் பல கடைகளுக்கு விடுமுறை, முன்பே பாருங்கள். மெனுவைத் தந்ததும் 'கோசா சே ஓஜ்ஜி?', இன்றைக்கு என்ன இருக்கிறது, என்று கேளுங்கள். எழுதாத பதார்த்தம் ஒன்றாவது இருக்கும். பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்குச் சில யூரோ வரும்; ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், ஏமாற்று இல்லை. டிப்ஸ் கட்டாயமில்லை.

கார் எடுக்கலாமா?

தூரினிலிருந்து ப்ரா வழியாக ஆல்பாவுக்கு ரயில் உண்டு. அதற்குமேல் குன்று ஊர்களுக்குப் பேருந்து குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. கார் எடுத்தால் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். சட்ட வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்ஜியம். குன்றுச் சாலைகள் வளைந்து வளைந்து போகும். லா மொர்ராவிலிருந்து தோட்டங்கள் வழியாகப் பரோலோவுக்கு நடந்தே இறங்கிவிடலாம். எனக்குப் பிடித்த வழி அது.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர்வரை மது சுங்கமின்றிக் கொண்டுவரலாம். அதாவது இரண்டு புட்டி, தாராளமாக. கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றுங்கள். புது ட்ரஃபிள் வேண்டாம், சில நாளில் வாசம் போய்விடும். வறுத்த ஹேசல்நட், உப்பிட்ட நெத்திலி டப்பா, க்ரிஸ்ஸினி என்ற நீளமான ரொட்டிக் குச்சிகள் சௌகரியம். க்ரிஸ்ஸினி மட்டும் பெட்டியில் நொறுங்கித்தான் வந்து சேரும். எங்கள் வீட்டில் அந்தத் தூளை ரசத்தில் போட்டுச் சாப்பிட்டோம், குறை ஒன்றும் தெரியவில்லை.